மந்திகள் கூடி எடுக்கும் முடிவு

கொங்கு நாட்டுக்கு மேற்கெல்லையாக, தெற்கே ஆனைமலையில் தொடங்கி வெள்ளியங்கிரியையும் நீலகிரிச் சரிவுகளையும் தொட்டுக்கொண்டு சத்தியமங்கலம் வரை வளைந்து செல்லும் மலைகள், யானைக்கும் புலிக்கும் பெயர் பெற்ற அளவுக்குக் குரங்குகளுக்குப் பெயர் பெறவில்லை. ஆனால் தென்னிந்தியாவில் முதனிகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இதைவிட வளமான நிலம் வேறொன்று கிடைப்பது அரிது. குரங்குகள், மனிதக் குரங்குகள், தேவாங்கு, மனிதன் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பாலூட்டி வரிசைக்கே முதனிகள் என்று பெயர். அவற்றுள் மனிதனை நீக்கினால் ஐந்து வகைகள் ஆனைமலை ஒன்றிலேயே வாழ்கின்றன: கோயில்களிலும் மலைச்சாலைகளிலும் எல்லோரும் காணும் நாட்டுக்குரங்கு, மழைக்காட்டின் உச்சிக்கிளைகளை விட்டுப் பெரும்பாலும் இறங்காத சோலைமந்தி, கரிய உடலும் பழுப்புத் தலையும் கொண்ட கருமந்தி, டாப்சிலிப் போன்ற இடங்களில் காணக்கிடைக்கும் சாம்பல் நிற அனுமார் குரங்கு, இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் நிறுவப்பட்ட சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம், பெயரில் பறவையைத் தாங்கியிருந்தபோதிலும், இக்குரங்குகளைக் குறித்த ஆய்வுக்கும் நீண்ட காலமாக ஒரு களமாக இருந்து வருகிறது.

தமிழ் மரபு இவற்றை மேலோட்டமாகப் பார்த்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்று வகைகளைப் பிரித்துச் சொல்வதோடு, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்றும், ஆணுக்குக் கடுவன் என்றும் தனிப்பெயர்கள் வழங்கியதைப் பதிவு செய்திருக்கிறது. பிற்காலத்தில் இந்தப் பாகுபாடு மங்கி, மந்தி என்பது இனப்பெயராகவும் ஆகிவிட்டது. இக்கட்டுரையின் பொருளுக்கோ அந்தப் பழைய வேறுபாடு மிகவும் தேவைப்படுகிறது. ஒரு குரங்குக் கூட்டத்தின் நிலையான உடைமை, அதன் நினைவு, அதன் போக்கு ஆகியவை பெரும்பாலும் மந்திகளிடமே இருக்கின்றன என்பதும், கடுவன் தலைமை தாங்கி நடத்திச் செல்கிறது என்று பொதுவாக எண்ணப்படுவது பாதி உண்மைதான் என்பதும் கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் மெல்ல மெல்லத் தெளிவுபடுத்தியுள்ள செய்திகள்.

மருதமலைப் படிகளிலோ ஆழியாற்றுக்கு மேலுள்ள குரங்கு அருவியிலோ ஒரு கூட்டத்தைக் காண்பவர் முதலில் தேடுவது ‘தலைவனை’. உடல் பெருத்து, கோரைப்பல் நீண்டு, மற்றவற்றை விரட்டி உண்ணும் கடுவனைக் கண்டதும் அதுவே தலைவன் என்று கைகாட்டப்படுகிறது. அந்தக் கடுவன் வலிமையில் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வலிமை வரிசை என்பது வேறு, கூட்டம் எங்கே போவது, எப்போது புறப்படுவது, எங்கே உறங்குவது என்பதைத் தீர்மானிப்பது வேறு. முன்னதை ஆய்வாளர்கள் ஆதிக்க வரிசை என்பர். இரு குரங்குகள் ஒரு பழத்தையோ நிழலையோ நாடும்போது எது விலகும், எது நிற்கும் என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது அது. பின்னது கூட்டு முடிவு எனப்படும். இரண்டையும் ஒன்றாகக் கருதியதே நெடுங்காலப் பிழை.

நாட்டுக்குரங்கின் கூட்டம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். பெண்குட்டி தான் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து அங்கேயே முதுமை அடைகிறது. ஆண்குட்டியோ வளர்ந்தபின் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறி வேறொன்றில் இடம் தேடிக்கொள்கிறது. எனவே எந்தக் கூட்டத்திலும் கடுவன்கள் வந்தேறிகளாகவும், பாட்டி, தாய், மகள், பேத்தி என்ற தாய்வழிக் கொடிகள் ஊர்க்காரர்களாகவும் அமைகின்றன. மந்திகளுக்குள் ஒரு தரவரிசை உண்டு; அது பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. மகள் தாய்க்கு அடுத்த படியில் அமர்வதும், உடன்பிறந்தவர்களுள் இளையவள் மூத்தவளைவிட மேலே ஏறிவிடுவதும் நாட்டுக்குரங்கு அடங்கிய மக்காக் இனக் குரங்குகள் பலவற்றில் காணப்படும் வழக்கம். இதை 1950-களின் இறுதியில் ஜப்பானியக் குரங்குகளிடம் முதலில் எடுத்துக்காட்டியவர் கவாமுரா. சண்டையில் தாய் எப்போதும் கைக்குட்டியின் பக்கமே நிற்பதால் மூத்தவள் சிறியவளுக்கு வழிவிடப் பழகிவிடுகிறாள் என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. வீட்டில் கடைக்குட்டிக்குக் கிடைக்கும் சலுகையை அறிந்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த வரிசை வெறும் பற்களின் கணக்கன்று, அறிவின் கணக்கு என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று தென்னிந்திய நாட்டுக்குரங்குகளிடமே நடந்தது. பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்தியா சின்ஹா 1998-இல் வெளியிட்ட கட்டுரை, இரு மந்திகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கையில் மூன்றாவதாக ஒரு மந்தி நெருங்கி வந்தால் என்ன நடக்கிறது என்ற மிகச் சிறிய காட்சியை எடுத்துக்கொண்டது. ஒரு மந்தி குந்தியிருக்கிறது. மற்றொன்று அதன் முதுகு மயிரை இரு கைகளாலும் பிரித்து, உதட்டால் எதையோ எடுத்து மென்றுகொண்டிருக்கிறது. இருவரையும்விடத் தரத்தில் உயர்ந்த மூன்றாவது மந்தி, அவசரமில்லாமல், நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் வந்து சேர்கிறது. இருவருள் ஒருத்தி எழுந்துபோக வேண்டும். வந்தவளுக்கு இருவருமே தாழ்ந்தவர்கள் ஆதலால், வந்தவளைக் கண்டு அஞ்சுவது மட்டுமே காரணமாக இருந்தால் இருவரும் சம அளவில் எழுந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் எழுந்து விலகியது இருவருள் தாழ்ந்த தரத்தவளே. அதாவது, அவள் வந்தவளோடு தன்னை ஒப்பிடுவதோடு நிற்காமல், தன் பக்கத்திலிருப்பவளோடும் தன்னை ஒப்பிட்டு, மூவருக்குள் தன் இடம் எது என்று கணித்து எழுகிறாள். சில வேளைகளில் உயர்ந்தவளே விட்டுக்கொடுத்ததும் உண்டு. யார் யாருக்கு மேல், யார் யாருக்கு வேண்டியவள் என்ற உறவுப்பட்டியல் அந்தச் சிறிய தலைக்குள் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

பேன் பார்த்தல் என்று நாம் சொல்வது துப்புரவு வேலையாகத் தொடங்கியிருக்கலாம். இன்று அது கூட்டத்தின் நாணயம். யார் யாருக்கு எவ்வளவு நேரம் பேன் பார்க்கிறது என்பதைக் குறித்துவைத்தால் அந்தக் கூட்டத்தின் உறவுகளை ஏறக்குறைய வரைந்துவிடலாம். முக அசைவுகளும் அப்படியே. உதடுகளை விரைவாகப் படபடக்கச் செய்வது நட்பின் அடையாளம். வாயை விரித்துப் பல்லைக் காட்டுவதைச் சுற்றுலாப் பயணிகள் சிரிப்பென்று கொண்டு தாமும் சிரிக்கிறார்கள். மக்காக் குரங்குகளில் அது பெரும்பாலும் அச்சத்தையோ பணிவையோ தெரிவிப்பது. வாயை வட்டமாகத் திறந்து, கண்ணை நிலைகுத்தி முறைப்பதே மிரட்டல். பணிந்து நிற்கும் குரங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அருகில் போய்க் கடிபடுவோர் பலர்.

ஒரு கூட்டம் எதற்காக முடிவெடுக்க வேண்டும் என்ற கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கூட்டமாக வாழ்வதால் சிறுத்தையின் வரவைப் பல கண்கள் காணும். அண்டைக் கூட்டத்தைத் துரத்தப் பல கைகள் சேரும். ஆனால் குட்டிக்குப் பால் கொடுக்கும் மந்திக்கு நீரும் பழமும் அடிக்கடி வேண்டும், கருவுறாத இளம் மந்திக்கு அவ்வளவு அவசரமில்லை, கடுவனுக்கு எல்லையோரம் போய்ப் பார்க்க வேண்டும், குட்டிகளுக்கு விளையாட வேண்டும். தேவைகள் பலவாக இருக்க, கூட்டம் சிதறாமல் ஒரே திசையில் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் தம் விருப்பத்தைத் தள்ளிவைத்தாக வேண்டும். அந்த விட்டுக்கொடுத்தலின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே கூட்டு முடிவு ஆய்வின் நடுப்பொருள். லாரிசா கான்ராட், டிம் ரோப்பர் என்ற இருவர் 2003-இல் கணித மாதிரி ஒன்றின் வழியே, பெரும்பாலான நிலைகளில் பலர் பங்கேற்கும் முடிவே ஒருவர் எடுக்கும் முடிவைவிடக் கூட்டத்துக்குக் குறைந்த செலவைத் தருகிறது என்று காட்டினர். பலர் கூடி முடிவெடுக்கையில் அது மிக முன்னதாகவோ மிகத் தாமதமாகவோ போய்விடாமல் நடுவில் நிற்கிறது, அதுவே ஆதாயம். தனியொரு தலைவன் மற்ற எல்லோரையும்விட மிகுதியாக அறிந்திருந்தாலன்றி அவனைப் பின்பற்றுவது இலாபமில்லை.

கணக்கில் வருவது காட்டிலும் நடக்கிறதா என்று பார்க்க, மக்காக் இனக் குரங்குகள் நல்ல வாய்ப்பைத் தருகின்றன. ஆசியாவெங்கும் பரவிய இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கக் குணம் மட்டும் வேறுபடுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் தியெரி இவற்றை நான்கு படிகளாக அடுக்கினார். ஒரு முனையில் வட இந்தியாவின் செம்முகக் குரங்கு: தரவரிசை கடுமையானது, சண்டைக்குப் பின் சமாதானம் குறைவு. மறுமுனையில் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள டோங்கியன் குரங்கு: அடிபட்டது திருப்பி அடிக்கவும், பின்னர் இருவரும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளவும் இடமுண்டு. நம் நாட்டுக்குரங்கு இந்த ஏணியில் பொறுமைப் பக்கம் சாய்ந்த படியில் வைக்கப்பட்டுள்ளது. ஒரே கூட்டத்தில் கடுவன்கள் பல இருந்தும் அவை ஒன்றோடொன்று உராய்ந்து அமர்வதையும், பேன் பார்த்துக்கொள்வதையும் 1960-களில் இங்கே வந்து கண்ட வெளிநாட்டு ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

ஸ்ட்ராஸ்பூர் நகரிலுள்ள முதனி மையத்தில் செட்ரிக் சூயர், ஒடில் பெட்டி ஆகியோர் இந்த இரு முனைக் குரங்குகளும் புறப்படும் முறையை ஒப்பிட்டு 2008 முதல் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் பலமுறை மேற்கோள் காட்டப்படுபவை. டோங்கியன் குரங்குகளில் ஒன்று சில அடிகள் முன்னே நடந்து, நின்று, உடலைத் தான் போக விரும்பும் திசைக்குத் திருப்பிவைத்து, கழுத்தை மட்டும் வளைத்துப் பின்னால் பார்க்கும். வேறொன்று எழுந்து வேறு திசையில் அவ்வாறே நிற்கும். மற்றவை ஒவ்வொன்றாக எழுந்து ஏதோ ஒன்றின் பக்கம் போய் நிற்க, எந்தப் பக்கம் குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்கிறதோ அந்தத் திசையில் கூட்டம் முழுதும் நகரும். தோற்ற பக்கத்தில் நின்றவையும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். முன்னே நடப்பது எந்த வயதினதாகவும், ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கலாம். செம்முகக் குரங்குகளிலோ தரத்தில் உயர்ந்தவையும் மூத்தவையும் முன்னெடுத்த நகர்வுக்கே மிகுந்த செல்வாக்கு இருந்தது. கிராம சபைக்கும் சட்டமன்றத்துக்கும் தீர்மானம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோமே, அந்தக் குறைவெண் என்ற கருத்தையே ஆய்வாளர்கள் இங்கே கடன் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் எழுந்தால் கூட்டம் அசையாது. ஒரு வரம்பைத் தாண்டியதும் எஞ்சியவை சட்டென்று பின்தொடரும்.

அடைப்புக்குள் கண்டது வெட்டவெளியில் நிற்குமா என்ற ஐயத்துக்கு 2015-இல் ஆப்பிரிக்காவிலிருந்து விடை வந்தது. கென்யாவின் ம்பாலா ஆய்வு மையத்தில் ஒரு பபூன் கூட்டத்தைச் சேர்ந்த 25 குரங்குகளின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி, ஒவ்வொரு நொடியும் எது எங்கே நிற்கிறது என்று பதிவு செய்த அரியானா ஸ்ட்ராண்ட்பர்க்-பெஷ்கினும் உடன் ஆய்வாளர்களும், யார் இழுக்க யார் பின்தொடர்ந்தார் என்று இணை இணையாகக் கணக்கிட்டனர். தரத்தில் முதலான கடுவனுக்கு மற்றவற்றைவிட மிகுதியாகப் பின்தொடர்வோர் கிடைக்கவில்லை. இரு பக்கமாக இழுப்பு ஏற்படும்போது அந்த இரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் பபூன்கள் நடுவழியில் நடந்தன. அதற்கு மேல் விரிந்தால் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தன, அதுவும் பெரும்பாலும் அதிகம் பேர் நின்ற பக்கத்தை. சமரசத்துக்கு இடமிருக்கும் வரை சமரசம், இல்லாதபோது பெரும்பான்மை என்ற இந்த நடைமுறையை யாரும் அவற்றுக்கு எழுதித் தரவில்லை. பக்கத்திலிருப்பவர் எழுந்தால் எழு, பலர் எழுந்தால் விரைந்து எழு என்ற சிறிய பழக்கங்கள் சேர்ந்தே அது உருவாகிவிடுகிறது.

இதைக் கொண்டு குரங்குகள் எல்லாம் மக்களாட்சிக்காரர்கள் என்று எழுதிவிடுவது பத்திரிகைகளுக்குப் பிடித்தமானது. ஆனால் அது மிகை. நமீபியாவின் சாவோபிஸ் பகுதியில் ஆண்ட்ரூ கிங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் உணவைக் குவித்துவைத்தபோது முதன்மைக் கடுவன் அங்கே போக, கூட்டம் முழுதும் அதன் பின்னே சென்றது. உணவில் பெரும்பங்கு கடுவனுக்கும் அதற்கு நெருங்கியவற்றுக்கும் கிடைக்க, எஞ்சியவை பசியோடு பார்த்துக்கொண்டிருந்தன. அவை ஏன் பின்சென்றன என்று தேடியபோது அச்சத்தைக் காட்டிலும் உறவே காரணமாகத் தெரிந்தது: கடுவனோடு நெருங்கிப் பழகியவை முதலில் எழ, அவற்றோடு நெருங்கியவை அடுத்து எழுந்தன. உணவு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ஒருவர் கை ஓங்கும், காடெங்கும் சிதறியிருந்தால் பலர் கை சேரும் என்று இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கலாம். இந்த வாசிப்பு சரியென்றால் அதன் விளைவு கொங்கு நாட்டுக் கோயில் படிக்கட்டு வரை வந்து சேர்கிறது. அதைக் கீழே காணலாம்.

மனித ஊர்களோடு ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்றாலும், ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கொங்குச் சிற்றூர்களில் மாரியம்மன் கோயிலுக்கு நோன்பு சாட்டும் நாளை அறிவிப்பவர் ஊர்ப் பெரியதனக்காரர்தான். ஆனால் எந்தச் செவ்வாய்க்கிழமை என்பது அதற்கு ஒரு வாரம் முன்பே திண்ணையிலும், கிணற்றடியிலும், பால் ஊற்றும் இடத்திலும் பேசிப் பேசி முடிந்துபோயிருக்கும். அறிவித்தவரையே முடிவெடுத்தவராக வெளியூர்க்காரர் எண்ணிக்கொள்வார். குரங்குக் கூட்டத்தைப் பார்த்த மனிதரும் அந்த வெளியூர்க்காரரைப் போலவே தவறியிருக்கிறார்.

எல்லா முடிவுகளும் இப்படி ஆறப்போட்டு எடுப்பவையல்ல. சிறுத்தை வந்தால் குறைவெண் பார்க்க நேரமில்லை; அப்போது ஒரு குரலை நம்பியே கூட்டம் முழுதும் மரமேற வேண்டும். அந்தக் குரலை எவ்வளவு நம்பலாம் என்பதை முதுமலையிலும் முண்டந்துறையிலும் வாழும் நாட்டுக்குரங்குகளிடம் உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் ஆகியோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்ந்தனர். பதிவு செய்த அபாயக் குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோது, வளர்ந்த குரங்கின் குரலுக்கு ஓடி மரமேறிய குரங்குகள், இளங்குரங்கின் குரலுக்கு அந்த அளவு அசையவில்லை. குட்டிகள் காற்றடித்தாலும் கத்தும் என்பது மூத்தவற்றுக்குத் தெரியும். தம்மினக் குரல் மட்டுமின்றி அனுமார் குரங்கின் குரலுக்கும் கடமானின் குரலுக்கும் அவை செவிசாய்த்தன. புள்ளியுள்ள சிறுத்தைப் பொம்மையைக் கண்டபோது புள்ளியற்ற கருஞ்சிறுத்தைப் பொம்மைக்குக் காட்டியதைவிடக் கூடுதலாகக் கலவரமடைந்தன. யார் சொன்னது என்பதை எடைபோட்டுச் செய்தியை ஏற்பது கூட்டு அறிவின் முதற்படி. கைபேசியில் வந்ததையெல்லாம் மறுகணமே முன்னனுப்பும் நமக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

கூட்டம் என்ற சொல்லே எல்லா முதனிகளுக்கும் ஒரே பொருளில் பொருந்துவதில்லை. 1960-களின் நடுவில் நீலகிரியில் கருமந்திகளை ஆய்ந்த ஃபிராங்க் பாய்ரியர், அவற்றின் சிறு கூட்டங்களில் தரவரிசைச் சச்சரவு மிகக் குறைவு என்றும், பிறந்த குட்டியைத் தாய் மற்ற மந்திகள் தூக்கிவைத்துக்கொள்ள விடுகிறது என்றும் பதிவு செய்தார். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் மலையை ஒட்டி 2022-இல் தமிழ்நாடு அரசு தனிச் சரணாலயம் அறிவித்த தேவாங்கோ, இரவில் தனியாக இரை தேடி, விடியற்காலையில் உறவுகளோடு ஒரே புதரில் கைகால் பின்னி உறங்குவது. தனித்து வாழும் விலங்கு என்று நெடுங்காலம் கருதப்பட்டதற்குக் காரணம், அதைப் பார்த்தவர்கள் இரவில் மட்டும் பார்த்ததுதான்.

ஆயினும் கூட்டு முடிவு என்ற பொருளுக்குக் கோவை மாவட்டத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வால்பாறைச் சோலைமந்தியே. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத இக்குரங்கு, கரிய முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரியும், நுனியில் குஞ்சமுள்ள வாலும் கொண்டது. சிங்கவால் குரங்கு என்ற மறுபெயர் அந்த வாலால் வந்தது. 1984-இல் தேசியப் பூங்காவான அமைதிப் பள்ளத்தாக்கை அணைத்திட்டத்திலிருந்து மீட்ட போராட்டத்தின் முகமாக இருந்ததும் இதுவே. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் 15 முதல் 20 குரங்குகள். அவற்றுள் வளர்ந்த கடுவன் பெரும்பாலும் ஒன்றுதான். மந்தி முதல் குட்டியை ஈனவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அடுத்த குட்டிக்கு மேலும் மூன்று ஆண்டு ஆகலாம். காலையில் கடுவன் எழுப்பும் உரத்த கூவல் அண்டைக் கூட்டத்துக்கு ‘இங்கே நாங்கள் இருக்கிறோம்’ என்று அறிவிக்கிறது. வெடிப்பலா, அத்தி, காட்டுப்பலா என்று பழுத்த மரங்களைத் தேடி உச்சிக்கிளைகளில் பரவி மேயும் கூட்டத்தை, ஒன்றையொன்று காணாத இலைச்செறிவில் கோத்துவைப்பவை மெல்லிய கூவொலிகள். இங்கே எந்த மரம் எப்போது பழுக்கும் என்ற நினைவு, அந்த மண்ணிலேயே பிறந்து வாழும் மந்திகளிடம்தான் மிகுதியாக இருக்க முடியும். இடையில் வந்துசேர்ந்த கடுவன் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

1890-களில் தொடங்கிய தேயிலை, காப்பித் தோட்டங்கள் வால்பாறை மேட்டுநிலத்தில் சுமார் 220 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்ட பின், மழைக்காடு நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக எஞ்சியது. அவற்றுள் ஒன்று, நகரை ஒட்டிப் பொள்ளாச்சிச் சாலையில் உள்ள புதுத்தோட்டம். நூறு ஹெக்டேருக்கும் குறைவான அந்தச் சோலையில் அகப்பட்டுக்கொண்ட சோலைமந்திகள் அழிந்துபோகாமல் பெருகின. பெருகிப் பல கூட்டங்களாகப் பிரிந்து, இன்று நூற்றுக்கு மேல் உள்ளன. பிரிவதும் ஒரு கூட்டு முடிவே; எல்லாவற்றிலும் பெரிய முடிவும் அதுதான். 1938-இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிப் போர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாண்டியாகோ தீவில் விடப்பட்ட 409 செம்முகக் குரங்குகளின் வழித்தோன்றல்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள், கூட்டம் உடையும்போது பெரும்பாலும் தாய்வழிக் கொடிகளின் எல்லையிலேயே உடைகிறது என்று கண்டனர். பங்காளிகள் பிரிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அங்கே அக்காள் தங்கை வழியில் கோடு விழுகிறது என்பது மட்டுமே புதுச் செய்தி.

புதுத்தோட்டத்து மந்திகள் உயர்ந்த கிளையை விட்டுத் தரைக்கு இறங்கி, வீட்டுக் கூரைகளிலும் குப்பைத்தொட்டிகளிலும் உணவு தேடக் கற்றுக்கொண்டன. உணவு ஒரே இடத்தில் குவிந்தால் கூட்டத்தின் இயல்பே மாறும் என்று மேலே சொன்னது இங்கே பொருந்துகிறது. பந்திப்பூர், முதுமலைக் காட்டுச்சாலைகளில் வாழும் நாட்டுக்குரங்குகளிடம் இம்மாற்றத்தை அனிந்தியா சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் எழுதிக்காட்டினர். பல கடுவன்கள் கூடி வாழ்வதே வழக்கமாயிருந்த இந்த இனத்தில், ஒரே கடுவன் ஆளும் சிறு கூட்டங்கள் அங்கே தோன்றியிருந்தன. சுற்றுலாப் பயணிகள் வீசும் உணவு அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதே பந்திப்பூரில் மனிதரை நோக்கிக் கையை நீட்டி, ஒருவகைக் கூவொலி எழுப்பி உணவு கேட்கும் பழக்கத்தையும் குரங்குகள் உருவாக்கிக்கொண்டதாக 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. நாம் ‘தலைவன்’ என்று சுட்டிக்காட்டுகிற கடுவன், ஓரளவுக்கு நம் கைப்பிடிப் பொரியும் வாழைப்பழமும் சேர்ந்து உண்டாக்கிய தலைவன்.

குரங்குத் தொல்லை பெருகியதும் ஊரார் வைக்கும் கோரிக்கை, தலைவனைப் பிடித்துக் காட்டில் விட்டுவிட்டால் மற்றவை போய்விடும் என்பது. தென்னந்தோப்பில் இளநீரையும் குரும்பையையும் இழக்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் உண்மையானது; அதை எள்ளுவதற்கில்லை. ஆனால் வழியும் உணவிடமும் நினைவிலிருக்கும் மந்திகள் அங்கேயே தங்கிவிட, ஒரு கடுவனை அகற்றுவது வேறொரு கடுவனுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதாகவே முடியும். கூட்டத்தில் பாதியைப் பிடித்துப் பாதியை விட்டால் உறவுக்கொடிகள் அறுந்து சச்சரவு பெருகும். குப்பையை மூடிவைப்பதும் கையிலிருந்து உணவு கொடுக்காமலிருப்பதும் சுவையற்ற தீர்வுகள்தாம். ஆயினும் கூட்டத்தின் முடிவை மாற்றக்கூடியவை அவையே, ஏனெனில் கூட்டம் எங்கே போவது என்று முடிவெடுப்பது உணவை வைத்துத்தான். எங்கும் பெருகிக் கிடப்பதாகத் தோன்றும் நாட்டுக்குரங்கு உண்மையில் குறைந்துவருகிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். மைசூர்ப் பகுதியில் கால்நூற்றாண்டில் அதன் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்ததை 2017-இல் மேவா சிங், ஹொன்னவள்ளி குமாரா உள்ளிட்டோர் வெளியிட்டனர். சாலையோரத்து ஆலும் அத்தியும் வெட்டப்பட்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

சாலை என்பது குரங்குக் கூட்டம் எடுக்கும் முடிவுகளுள் மிக ஆபத்தானதற்கான இடம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் போசு என்ற ஊரருகே சிம்பன்சிகள் சாலையைக் கடப்பதை ஆய்ந்த கிம்பர்லி ஹாக்கிங்ஸ், 2006-இல் வெளியிட்ட செய்தி இங்கே நினைக்கத்தக்கது: அகன்ற சாலையில் அவை ஓரத்தில் நெடுநேரம் காத்திருந்தன, வளர்ந்த ஆண்கள் முன்னும் பின்னும் நிற்க, தாய்களும் குட்டிகளும் நடுவில் கடந்தன. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை புதுத்தோட்டத்துச் சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறது. குரங்குகள் தரையில் கடக்கும் வேளையில் வண்டிகளை நிறுத்திக் கையசைக்கக் காவலர்களையும் அமர்த்தியிருக்கிறது. பாலம் இருந்தும் சில குரங்குகள் தரையிலேயே கடக்கின்றன.

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வால்பாறைக்குள் நுழையும் வண்டியோட்டி, புதுத்தோட்டத்தருகே சாலையைக் கடந்துபோன ஒரு குரங்கைக் கண்டதும் வழி விட்டதென்று எண்ணி வேகத்தைக் கூட்ட வேண்டாம். முதலில் கடந்தது தனியாக வந்ததன்று. ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்குள் குட்டிகளை வயிற்றில் சுமந்த மந்திகள் இன்னும் காத்திருக்கும். கடைசிக் குரங்கும் கடக்கும் வரை என்ஜினை அணைத்துவிட்டு நிற்கவும்.